மிச்சிகனை வீழ்த்தியும் தீராத கணக்கு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கு, 2007

2007 செப்டம்பர் 1 அன்று ஆன் ஆர்பர் நகரின் மிச்சிகன் மைதானத்தில் 1,09,000-க்கும் அதிகமானோர் கூடியிருந்தார்கள். பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், தரவரிசையில் நாட்டிலேயே ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்கு அது பருவத்தின் முதல் ஆட்டம். எதிரணி, வட கரோலினாவின் மலைப்பகுதியிலிருந்து வந்திருந்த அப்பலாச்சியன் ஸ்டேட். ஆட்டம் முடிந்தபோது அந்த மலை நாட்டு அணி 34–32 என்ற கணக்கில் வென்றிருந்தது. இரண்டாம் அடுக்கைச் சேர்ந்த ஓர் அணி, ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் இடம்பெற்ற முதல் அடுக்கு அணி ஒன்றை வென்றது அதுவே முதல்முறை.

அமெரிக்க விளையாட்டு வரலாற்றின் மிகப் பெரிய அதிர்ச்சிகளைப் பட்டியலிடும் யாரும் அந்தப் பிற்பகலை விட்டுவிடுவதில்லை. அதற்குப் பின் வந்த பதினைந்து வாரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைவு. எனக்கு அந்தப் பருவத்தில் அதிகம் பிடித்தது அந்தப் பதினைந்து வாரங்கள். மிச்சிகனை வென்ற அணி, மூன்று வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களே படிக்கும் ஒரு சிறு கல்லூரியிடம் தோற்றது. அக்டோபரில் சொந்த மண்ணில் மீண்டும் தோற்றது. நவம்பர் இறுதியில், சில வினாடிகளில் பருவமே முடிந்துபோகும் நிலைக்கு வந்து தப்பியது. டிசம்பரில்தான் அதனால் கோப்பையைத் தொட முடிந்தது. இந்த அடுக்கில் எவ்வளவு பெரிய வெற்றியும் யாரையும் சாம்பியன் ஆக்கிவிடாது. நான்கு வாரம் தொடர்ந்து, தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டங்களை வென்றாக வேண்டும். அதே ஆண்டில் முதல் அடுக்கில் அப்படி ஒரு முறையே கிடையாது.

‘இரண்டாம் அடுக்கு’ என்றவுடன், ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தோற்றுக் கீழே இறங்கிய அணிகள் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஏற்றமும் இறக்கமும் வெற்றி தோல்வியால் வருவதில்லை. ஒரு பல்கலைக்கழகம் எந்த அடுக்கில் ஆடுவது என்பதை அதன் நிர்வாகம் முடிவு செய்கிறது: எவ்வளவு பணம் செலவழிக்க முடியும், மைதானம் எவ்வளவு பெரியது, எத்தனை வீரர்களுக்குக் கல்விக் கட்டணத்தை ஏற்க முடியும், எந்தக் கூட்டமைப்பு சேர்த்துக்கொள்ளும் என்பவைதான் கேள்விகள். இருபது ஆண்டு தொடர்ந்து தோற்றாலும் முதல் அடுக்கு அணி அங்கேயே இருக்கலாம். இருபது ஆண்டு தொடர்ந்து வென்றாலும் இரண்டாம் அடுக்கு அணியை யாரும் மேலே தூக்கிவிட மாட்டார்கள்.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1978-இல் தன் முதல் பிரிவைக் கால்பந்துக்காக மட்டும் இரண்டாகப் பிரித்தது. பெரிய அணிகள் 1-ஏ, மற்றவை 1-ஏஏ. கூடைப்பந்திலும் பிற விளையாட்டுகளிலும் எல்லோரும் ஒரே முதல் பிரிவில்தான் ஆடினார்கள். 2006-இல் பெயர்களை மாற்றினார்கள்: மேலடுக்கு எஃப்.பி.எஸ்., கீழடுக்கு எஃப்.சி.எஸ். முன்னதில் உள்ள ‘பி’ பவுல் ஆட்டங்களைக் குறிக்கிறது. பின்னதில் உள்ள ‘சி’ சாம்பியன்ஷிப்பைக் குறிக்கிறது. இரு அடுக்குகளும் பருவத்தை எப்படி முடித்துக்கொள்கின்றன என்பது இந்த இரண்டு எழுத்துகளிலேயே இருக்கிறது. மேலடுக்கு அணிகள் பருவ இறுதியில் அழைப்பின் பேரில் பவுல் ஆட்டம் ஒன்றில் ஆடும். தேசிய சாம்பியன் பட்டத்துக்கான இருவரை அன்றைக்குக் கருத்துக் கணிப்புகளும் கணினிக் கணக்குகளும் சேர்ந்து தேர்ந்தெடுத்தன. மேலடுக்கில் நான்கு அணிகள், தோற்றால் வெளியேறும் முறையில் மோதும் பிளேஆஃப் வந்ததே 2014-இல்தான். கீழடுக்கோ பிறந்த ஆண்டிலேயே நான்கு அணிகளைக் கொண்டு பிளேஆஃப் நடத்தியது. முதல் கோப்பையை வென்றது புளோரிடா ஏ அண்ட் எம். 2007-இல் அது பதினாறு அணிகள் மோதும் போட்டியாக வளர்ந்திருந்தது.

பணத்தின் வேறுபாடு உதவித்தொகையில் தெளிவாகத் தெரியும். அன்றைய விதிப்படி மேலடுக்கு அணி 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை கொடுக்கலாம். கீழடுக்கு அணிக்கு 63 பேருக்கான தொகைதான். அதைப் பங்குபோட்டு 85 பேர் வரை கொடுக்கலாம். அதனால் கீழடுக்கில் ஒரு வீரருக்குப் பாதிக் கட்டணம், இன்னொருவருக்குக் கால் பங்கு என்று கணக்குப் போட்டே அணியைச் சேர்க்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலுக்கு 11 பேர், தடுப்புக்கு வேறு 11 பேர், உதைக்கும் வேளைகளுக்கு மேலும் சிலர் என்று களமிறங்குவார்கள். காயங்களும் ஏராளம். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறவன் யார் என்பதில்தான் இந்த 22 பேர் வித்தியாசம் உறைக்கும். மிச்சிகனுக்கு எதிராக அப்பலாச்சியன் வென்றதை நான் வியப்பது முதன்மையாக இதனால்தான். தலைசிறந்த பதினொரு பேரை வைத்து அரை மணி நேரம் ஈடுகொடுக்கலாம். அறுபது நிமிடமும் நிற்பது வேறு விஷயம்.

இவ்வளவு சமமில்லாத இரண்டு அணிகள் ஏன் மோதின? 2005-இல் என்.சி.ஏ.ஏ. இரண்டு முடிவுகளை எடுத்தது. அடுத்த பருவத்திலிருந்து ஒவ்வோர் அணியும் 12 ஆட்டம் ஆடலாம் என்பது ஒன்று. கீழடுக்கு அணி ஒன்றை வென்றால், பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெறத் தேவையான ஆறு வெற்றிகளில் அதையும் ஆண்டுதோறும் ஒன்றாகக் கணக்கில் சேர்க்கலாம் என்பது மற்றொன்று. அதற்கு முன் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் அப்படிச் சேர்க்க முடியும். புதிதாகக் கிடைத்த பன்னிரண்டாவது ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வருமானம் முழுவதும் வீட்டுக்கு வரும். ஏறக்குறைய நிச்சயமான வெற்றியும் கிடைக்கும். வந்து ஆடும் சிறு அணிக்கு ஒரு தொகையைக் கொடுத்தனுப்பினால் போதும்; இத்தகைய ஆட்டங்களுக்கு ‘உத்தரவாத ஆட்டம்’ என்றே பெயர். அப்பலாச்சியனுக்கு மிச்சிகன் கொடுத்தது 4 லட்சம் டாலர்.

சிறு அணியின் பக்கமிருந்து பார்த்தால் அந்தத் தொகை பெரியது. பேருந்துச் செலவு, பயிற்சி வசதிகள், கால்பந்தால் பிழைக்காத மற்ற விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து கொஞ்சம் போகும். வீரர்களுக்கு லட்சம் பேர் முன்னால் ஆடும் வாய்ப்பு. அடிபட்டு வருவோம் என்று தெரிந்தே பல அணிகள் போகின்றன. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு: அடிபடுவது பத்தொன்பது, இருபது வயது மாணவர்கள், அன்றைய விதிப்படி அந்தப் பணத்தில் ஒரு காசுகூட அவர்கள் கைக்கு நேரடியாகப் போகாது.

ஆனால் மிச்சிகன் அழைத்திருந்தது சாதாரண அணியை அல்ல. அப்பலாச்சியன் ஸ்டேட் இருப்பது ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 3,333 அடி உயரத்தில் உள்ள பூன் என்ற சிற்றூரில். மைதானத்தின் பெயர் கிட் புரூவர். ஊர்க்காரர்கள் ‘பாறை’ என்று அழைப்பார்கள். பயிற்சியாளர் ஜெர்ரி மூர் 1989 முதல் அங்கேயே இருந்தார். 2005-இலும் 2006-இலும் கோப்பையை வென்றிருந்தார். கீழடுக்கில் அதுவரை எந்த அணியும் தொடர்ந்து மூன்று முறை சாம்பியன் ஆனதில்லை.

அறுபது வயதைத் தாண்டியபின் மூர் தன் ஆட்ட முறையையே மாற்றினார். 2004-இல் அவருடைய உதவியாளர்கள் மேற்கு வர்ஜினியா பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே பயிற்சியாளர் ரிச் ரோட்ரிகஸ் வளர்த்திருந்த ‘ஸ்பிரெட்’ முறையைக் கற்று வந்தார்கள். வழக்கமான தாக்குதலில் பலசாலிகள் நடுவில் நெருக்கமாக நின்று இடித்து வழி உண்டாக்குவார்கள். ஸ்பிரெட் முறையில் வீரர்களைக் களத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்துவார்கள். தடுப்பாளர்களும் அவர்களோடு பரந்து நிற்க வேண்டியதாகிவிடும். நடுவில் இடம் திறக்கும். தாக்குதலை நடத்தும் வீரரான குவாட்டர்பேக் பந்தை வாங்கிய அந்த நொடியில் ஒரே ஒரு தடுப்பாளனைப் பார்ப்பான். அவன் ஓட்டக்காரனைத் துரத்தினால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவான். அவன் தன்னை நோக்கி வந்தால் பந்தை ஓட்டக்காரன் கையில் விடுவான். உடல் எடையில் நாற்பது ஐம்பது பவுண்டு குறைந்தவர்கள் பெரிய தடுப்பாளர்களை மோதாமலே திணறடிக்க இது வழி கொடுத்தது. உதவித்தொகைக் கணக்கில் பின்தங்கிய அணிக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

அந்த முறைக்கென்றே பிறந்தவர் போலிருந்தார் ஆர்மான்டி எட்வர்ட்ஸ். தென் கரோலினாவின் கிரீன்வுட் ஊர்க்காரர், மெலிந்த உடல், 2007-இல் இரண்டாம் ஆண்டு மாணவர். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அவர் குவாட்டர்பேக்காகத் தெரியவில்லை. அந்த இடத்தைக் கொடுத்தது அப்பலாச்சியன்தான்.

ஆன் ஆர்பரில் இடைவேளையின்போது 28–17 என்று அப்பலாச்சியன் முன்னிலையில் இருந்தது. இரண்டாம் கால் பகுதியில் மட்டும் 21 புள்ளிகள். மிச்சிகனின் ஓட்டக்காரர் மைக் ஹார்ட் தொடைக் காயத்தோடு வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து மொத்தம் 188 யார்டு ஓடினார். பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதுதான் டச் டவுன். ஹார்ட்டின் 54 யார்டு டச் டவுனால், நான்கரை நிமிடம் மிச்சமிருக்கையில் மிச்சிகன் 32–31 என்று முந்தியது. கூட்டத்தில் பலர் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் டச் டவுனுக்குப் பின் கூடுதலாக இரண்டு புள்ளி எடுக்க மிச்சிகன் அன்று இருமுறை முயன்று இருமுறையும் தவறியிருந்தது. அந்த நான்கு புள்ளிகள்தான் கடைசியில் வினையாகின.

அதன் பிறகு நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும். எட்வர்ட்ஸ் எறிந்த பந்தை மிச்சிகன் பறித்தது. கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி பெறும் ஃபீல்டு கோல் அடித்து முன்னிலையைப் பெருக்கப் பார்த்தது. உதையை அப்பலாச்சியன் தடுத்தது. கடிகாரத்தில் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். கடிகாரத்தை நிறுத்தும் ‘டைம் அவுட்’ ஒன்றுகூட அப்பலாச்சியன் கையில் இல்லை. எட்வர்ட்ஸ் அணியைக் களத்தின் மறுமுனைவரை நகர்த்திக்கொண்டு போனார். 26 வினாடி இருக்கும்போது 24 யார்டு ஃபீல்டு கோல்: 34–32. மிச்சிகனின் குவாட்டர்பேக் சாட் ஹென்னி உடனே 46 யார்டு தூரம் எறிந்தார். மரியோ மானிங்ஹாம் பிடித்துவிட்டார். ஆறு வினாடி. 37 யார்டிலிருந்து உதைத்தால் மிச்சிகன் தப்பிவிடும். வரிசையின் ஓரத்திலிருந்து பாய்ந்த கோரி லின்ச் அந்தப் பந்தைத் தடுத்து, எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினார். அவர் மிச்சிகன் எல்லையருகே விழுந்தபோது நேரம் முடிந்திருந்தது.

பூனில் மாணவர்கள் ஆளே இல்லாத தங்கள் மைதானத்துக்குள் புகுந்து கோல் கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டு வாசலுக்குப் போனார்கள். ஏ.பி. தரவரிசையில் ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகன், ஒரே வாரத்தில் இருபத்தைந்து பேர் பட்டியலிலிருந்தே விழுந்தது. ஏ.பி. தன் விதியையும் மாற்றியது: கீழடுக்கு அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்று வாக்காளர்களுக்கு அனுமதி கொடுத்தது. அதுவரை அவை எண்ணிக்கையிலேயே சேராதவை.

வெற்றிக்கு விலையும் இருந்தது. எட்வர்ட்ஸுக்குத் தோளில் காயம். செப்டம்பர் 22 அன்று தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் வோஃபோர்ட் கல்லூரி 42–31 என்று அப்பலாச்சியனைத் தோற்கடித்தது. வோஃபோர்டின் பயிற்சியாளர் மைக் ஏயர்ஸ், பந்தை எறியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் பழைய முறையைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்திருந்தவர். மிச்சிகனைப் பார்த்துப் பயப்படாத அணிக்கு, தன்னைப் போலவே ஏமாற்றி ஓடத் தெரிந்த ஒரு சிறு கல்லூரியைச் சமாளிப்பது கடினமாகிவிட்டது.

அக்டோபர் 20-ஆம் நாளை இந்த அடுக்கின் முழு இயல்பையும் காட்டும் நாளாக நான் நினைக்கிறேன். அன்று பூனில் ஜார்ஜியா சதர்ன் 38–35 என்று வென்றது; சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் தொடர்ந்து பெற்றிருந்த 30 வெற்றிகளின் சங்கிலி அறுந்தது. ஜார்ஜியா சதர்ன் ஆறு கோப்பைகள் வென்ற பழம்பெரும் அணி; அதன் குவாட்டர்பேக் ஜேசன் ஃபாஸ்டர்தான் அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரருக்கான வால்டர் பேட்டன் விருதைப் பெற்றார். எட்வர்ட்ஸுக்கு அது 2008-இலும் 2009-இலும்தான் கிடைத்தது. அதே சனிக்கிழமை மினியாபொலிஸில் வட டகோட்டா ஸ்டேட், முதல் அடுக்கின் மினசோட்டாவை 27–21 என்று வென்றது. ஏற்கெனவே செப்டம்பரில் அது மேலடுக்கின் சென்ட்ரல் மிச்சிகனை 44–14 என்று நசுக்கியிருந்தது.

வட டகோட்டா ஸ்டேட்டின் கதை வருத்தம் தருவது. மூன்றாம் அடுக்காக எண்ணப்படும் இரண்டாம் பிரிவிலிருந்து 2004-இல் மேலேறிய அணி அது. மேலேறும் அணிகள் சில ஆண்டுகள் காத்திருந்த பிறகே பிளேஆஃபில் ஆட முடியும். அதன் காத்திருப்பு முடிய 2007-க்குப் பின்னும் நாள் இருந்தது. முதல் அடுக்கு அணிகள் இரண்டை வீழ்த்தி, 10 வெற்றி, 1 தோல்வி (10–1) என்று பருவத்தை முடித்த அணி, நவம்பர் 17 அன்று தெற்கு டகோட்டா ஸ்டேட்டிடம் 29–24 என்று தோற்றதோடு வீட்டுக்குப் போனது. நான்கு ஆண்டுப் படிப்பில் ஒரு மாணவன் ஆடக் கிடைப்பது நான்கு பருவங்கள்தான். நிர்வாகம் போட்ட ஏற்பாட்டுக்காக அவற்றில் கோப்பையே இல்லாத பருவங்களை ஆடி முடித்தவர்கள் அந்த அணியில் பலர். ஏறும் அணியின் நிதியும் வசதியும் நிலைபெற்றவையா என்று பார்க்க அவகாசம் வேண்டும் என்பது விதியின் நியாயம். அதை ஆராய அதிகாரிகளின் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். வீரர்களின் ஆண்டுகளை எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தாமாகவே விலகி நின்றவர்களும் உண்டு. ஹார்வர்டு, யேல் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஐவி லீக் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை. அன்றைக்குப் பிளேஆஃபுக்கும் வருவதில்லை. 2007-இல் யேல் தோல்வியே காணாமல் கடைசி ஆட்டத்துக்கு வந்தது. ஹார்வர்டு 37–6 என்று அதைச் சிதறடித்து லீக் பட்டத்தை எடுத்துக்கொண்டது. இரண்டு அணிகளுக்கும் பருவம் அத்தோடு முடிந்தது. அந்த மரபை ஐவி லீக் கைவிட 2024 டிசம்பர்வரை ஆயிற்று. தெற்கின் கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த எஸ்.டபிள்யூ.ஏ.சி. கூட்டமைப்பின் காரணம் வேறு. நன்றி நவிலும் நாள் வாரத்தில் நியூ ஆர்லியன்ஸில் கிராம்ப்ளிங்கும் சதர்னும் மோதும் ஆட்டத்துக்கு வரும் கூட்டமும் வருமானமும் பிளேஆஃபின் முதல் சுற்றில் கிடைக்காது. அந்தக் கூட்டமைப்பு தன் இறுதி ஆட்டத்தைத் தனியே பர்மிங்ஹாமில் நடத்திக்கொண்டது. கிராம்ப்ளிங்கில் 408 வெற்றிகள் பெற்ற பயிற்சியாளர் எடி ராபின்சன் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் காலமாகியிருந்தார். இந்த அடுக்கின் பெருமையில் பெரும்பங்கு அந்தப் பல்கலைக்கழகங்களுடையது. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற இருவரில் வால்டர் பேட்டன் ஜாக்சன் ஸ்டேட்டில் ஆடியவர்; ஜெர்ரி ரைஸ் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டில் ஆடியவர்.

பிளேஆஃபுக்கு வந்த பதினாறில் மூன்று அணிகள் ஓர் ஆட்டம்கூடத் தோற்காதவை: நார்தர்ன் அயோவா, மெக்னீஸ் ஸ்டேட், மொண்டானா. மூன்றும் 11–0. நவம்பர் 24, முதல் சுற்று. மொண்டானா தன் சொந்த ஊரான மிசௌலாவில் வோஃபோர்டிடம் 23–22 என்று ஒரே புள்ளியில் வீழ்ந்தது. மெக்னீஸ் ஸ்டேட் ஈஸ்டர்ன் வாஷிங்டனிடம் 44–15 என்று படுதோல்வி கண்டது. நார்தர்ன் அயோவா ஒரு வாரம் கூடுதலாக நின்றது. பிறகு தன் கூரை மைதானத்திலேயே டெலவேரிடம் 39–27 என்று தோற்றது. மேலடுக்கில் அதே ஆண்டு கருத்துக் கணிப்பின் முதலிடம் பலமுறை கைமாறியது. யார் இறுதி ஆட்டத்துக்குத் தகுதியானவர் என்று தொலைக்காட்சிகளில் டிசம்பர்வரை வாதாடினார்கள். கீழடுக்கில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. மொண்டானா தன்னைச் சிறந்த அணி என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். வோஃபோர்ட் வந்து ஒரு பிற்பகலில் பதில் சொல்லிவிட்டது.

முதல் சுற்றின் ஆட்டங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது நியூவர்க்கில் நடந்தது. டெலவேர் மிகச் சிறிய மாநிலம். அதில் அன்று இந்த அடுக்கில் ஆடிய பல்கலைக்கழகங்கள் இரண்டே: நியூவர்க்கில் டெலவேர் பல்கலைக்கழகம், தலைநகர் டோவரில் டெலவேர் ஸ்டேட். ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரக் கார்ப் பயணம். 2007 நவம்பர் வரை அவை ஒருமுறைகூடக் கால்பந்தில் மோதியதில்லை. டெலவேர் ஸ்டேட் 1891-இல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. மற்றதில் அவர்களுக்கு அப்போது இடமில்லை. இளநிலைப் படிப்புகளில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு நீதிமன்றம் ஆணையிட்டது 1950-இல். அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேலாக, இரண்டின் ஆட்ட அட்டவணைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. பெரிய அணி அழைக்கவில்லை என்ற மனக்கசப்பு டோவரில் வெளிப்படையாகவே பேசப்பட்டது.

அவர்களை எதிரெதிரே நிறுத்தியது பிளேஆஃப் அட்டவணை. டெலவேர் 44–7 என்று வென்றது. அதன் ஓட்டக்காரர் ஒமர் கஃப் 288 யார்டு ஓடினார். ஆட்டமாகப் பார்த்தால் அது ஒருதலைப்பட்சம். ஆனால் இரு நிர்வாகங்களும் அத்தனை ஆண்டுகளாகச் செய்யாததை ஒரு போட்டி அட்டவணை செய்தது என்பதையும், அதன் பின் வந்த ஆண்டுகளில் இரண்டும் தாமாகவே மோதத் தொடங்கின என்பதையும் நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. மேலடுக்கின் பவுல் ஏற்பாட்டில், எந்த ஊரிலிருந்து எத்தனை ரசிகர்கள் வருவார்கள் என்று பார்த்து அழைப்பு அனுப்புவார்கள். அங்கே இப்படி ஓர் ஆட்டம் நிகழ்ந்திருக்காது.

அதே முதல் சுற்றில் பூனில் அப்பலாச்சியன் ஏறக்குறைய வெளியேறிவிட்டது. ஜேம்ஸ் மேடிசனுக்கு எதிராக 28–27 என்று ஒரு புள்ளி முன்னிலை. வினாடிகளே மிச்சம். பந்து ஜேம்ஸ் மேடிசன் கையில், எளிதாக ஃபீல்டு கோல் அடிக்கக்கூடிய தூரத்தில். உதைப்பதற்கு முன் இன்னும் ஒரே ஒரு முறை ஓடிப் பார்த்தார்கள், பந்து நழுவியது, அப்பலாச்சியன் எடுத்துக்கொண்டது. மிச்சிகனை வென்ற புகழ் அந்த ஒரு நழுவலில் தொங்கிக்கொண்டிருந்தது. கைநழுவாமல் இருந்திருந்தால் 2007 அப்பலாச்சியன் அணி, செப்டம்பரில் ஓர் அதிசயம் செய்து நவம்பரில் முதல் சுற்றிலேயே தோற்ற அணியாகத்தான் பதிவாகியிருக்கும்.

அடுத்த வாரம் ஈஸ்டர்ன் வாஷிங்டனை 38–35. மீண்டும் மூன்றே புள்ளி. டிசம்பர் 7, வெள்ளிக்கிழமை இரவு, அரையிறுதியில் ரிச்மண்ட். அன்று எட்வர்ட்ஸ் ஆடிய ஆட்டத்துக்கு ஈடாக இந்த அடுக்கில் இன்னோர் ஆட்டத்தை என்னால் சொல்ல முடியவில்லை. பந்தைத் தானே சுமந்து 313 யார்டு ஓடினார். ஒரு குவாட்டர்பேக்குக்கு அன்றைக்கு அது முதல் பிரிவின் சாதனை. நான்கு டச் டவுன் ஓடி, மூன்று எறிந்து. முடிவு 55–35. ஸ்பிரெட் முறையில் அந்த ஒற்றைத் தடுப்பாளனைப் பார்த்து முடிவெடுக்கும் நொடி இருக்கிறதே, அன்றிரவு அதில் எட்வர்ட்ஸ் ஏறக்குறைய தவறே செய்யவில்லை. ரிச்மண்ட் உள்ளே நெருங்கினால் அவர் வெளியே ஓடினார். வெளியே காத்தால் நடுவில் பிளந்தார்.

டிசம்பர் 14 இறுதியாட்டம், டென்னசியின் சாட்டனூகாவில். சுமார் 20,000 பேர் அமரக்கூடிய ஃபின்லி மைதானம் நிரம்பியிருந்தது. எதிரே டெலவேர். அதன் குவாட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ, முதல் அடுக்கின் பிட்ஸ்பர்க்கில் இடம் கிடைக்காமல் வந்தவர். உயரமானவர், பலமான கை. அக்டோபரில் அவரை வைத்துக்கொண்டு டெலவேர் முதல் அடுக்கின் கடற்படைக் கல்லூரியை 59–52 என்று வென்றிருந்தது. மறு ஆண்டு தொழில்முறை அணியான பால்டிமோர் ரேவன்ஸ், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றிலேயே அவரை எடுத்தது. 2013 பிப்ரவரியில், தொழில்முறைக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் ஆனார். சாட்டனூகாவில் அந்தக் கை உதவவில்லை. அப்பலாச்சியன் 49–21 என்று வென்று, தொடர்ந்து மூன்றாவது கோப்பையைத் தூக்கியது. பருவத்தின் கணக்கு 13 வெற்றி, 2 தோல்வி.

மிச்சிகனில் நடந்ததும் இந்தக் கதையில் சேரும். அப்பலாச்சியனுக்குப் பின் அடுத்த வாரமே ஓரெகனிடம் 39–7 என்று தோற்ற அணி, அதன்பின் எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. நவம்பரில் பயிற்சியாளர் லாயிட் கார் ஓய்வை அறிவித்தார். புத்தாண்டு தினத்தில் தன் கடைசி ஆட்டத்தில், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை அந்தப் பருவத்தில் பெற்ற டிம் டீபோவின் புளோரிடாவை 41–35 என்று வென்றுதான் போனார். ஆக மிச்சிகன் மோசமான அணி என்று சொல்லி அப்பலாச்சியன் வெற்றியைத் தள்ளிவிட முடியாது. லாயிட் காருக்குப் பதிலாக மிச்சிகன் 2007 டிசம்பரில் யாரை நியமித்தது தெரியுமா? ரிச் ரோட்ரிகஸை. பூனுக்கு ஸ்பிரெட் முறையைக் கற்றுக்கொடுத்த அதே மனிதர். ஆன் ஆர்பரில் அந்த முறை வேர்பிடிக்கவில்லை. மூன்று பருவங்களில் அவரை அனுப்பிவிட்டார்கள். பெரிய உருவங்களைச் சேர்த்துப் பழகிய அணியிடம் அந்த முறைக்கு வேண்டிய ஆட்கள் இல்லை என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்தது. 2008-இல் மிச்சிகன் வென்றது மூன்றே ஆட்டங்கள்.

எட்வர்ட்ஸ் 2009-இல் கல்லூரி ஆட்டத்தை முடித்தபோது, எறிந்து 10,000 யார்டும் ஓடி 4,000 யார்டும் கடந்த முதல் பிரிவின் முதல் வீரராக இருந்தார். தொழில்முறை அணி அவரைப் பந்து பிடிப்பவராகத்தான் எடுத்தது.

அப்பலாச்சியன் நிர்வாகம் மேலடுக்கை நோக்கித் திரும்பியது. 2014-இல் அது எஃப்.பி.எஸ்.ஸுக்குப் போனது, ஜார்ஜியா சதர்னும் அதே ஆண்டு போனது. ஜேம்ஸ் மேடிசன் 2022-இல் போனது, டெலவேர் 2025-இல். 2007 பிளேஆஃபை நினைவில் நிற்க வைத்த அணிகளில் பாதி இன்று அந்த அடுக்கில் இல்லை. அவர்கள் போனதற்குக் காரணங்கள் உண்டு: தொலைக்காட்சிப் பணம் மேலே இருக்கிறது, நல்ல மாணவ வீரர்கள் மேலே ஆடவே விரும்புகிறார்கள். ஆனாலும் போனவர்களில் பெரும்பாலோர் கோப்பைக்காக ஆடுவதை விட்டுவிட்டு, சிறிய பவுல் ஒன்றின் அழைப்புக்காக ஆடுகிறார்கள் என்பது எனக்கு நட்டமாகத்தான் தெரிகிறது. மேலடுக்குக்கு வந்த அப்பலாச்சியனின் முதல் ஆட்டத்தையே ஆன் ஆர்பரில் வைத்தார்கள். 2014 ஆகஸ்டு 30. மிச்சிகன் 52–14 என்று வென்றது.

2007-இல் வாசலில் நிறுத்தப்பட்ட வட டகோட்டா ஸ்டேட்டுக்கு அடுத்த ஆண்டு கதவு திறந்தது. 2011 முதல் 2015 வரை தொடர்ந்து ஐந்து கோப்பைகளை வென்று அப்பலாச்சியனின் மூன்றைக் கடந்தது. 2024 பருவத்தோடு அதன் கோப்பைகள் பத்து.